கம்ப்ரஸர் மேப்பும் மணிமேகலையின் அளவையும்

டர்போசார்ஜரின் செயல்திறனை எந்தக் கருவியும் நேராக அளப்பதில்லை. சோதனை மேடையில் எரிகலத்திலிருந்து வரும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் காற்றை இழுத்து அழுத்துகிறது. சிறிய கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளையும் தாண்டும். அழுத்தம், வெப்பநிலை, காற்றின் அளவு, சுழல்வேகம் ஆகியவற்றைக் கருவிகள் தரும். செயல்திறன் அவற்றிலிருந்து கருதிப் பெறுவது. பழைய மகாபலிபுரம் சாலையில் பையனூரிலுள்ள டர்போ எனர்ஜி ஆலையின் தயாரிப்பானாலும் ஐரோப்பியத் தயாரிப்பானாலும் கம்ப்ரஸர் மேப்பில் வரையப்படும் செயல்திறன் வளையங்கள் இப்படிக் கருதப்பட்டவையே.

கருதிப் பெற்றதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி பாலாற்றுக் கரைக்குப் புதிதல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள், அறிவுக்கு வழியான அளவைகள் இரண்டே என்கிறார்: பிரத்தியக்கம் என்ற காட்சி, அனுமானம் என்ற கருதல். மற்றவை எல்லாம் அனுமானத்தில் அடங்கும். காட்சி என்பது பெயர், இனம், குணம், செயல் எதுவும் கலவாத சுட்டுணர்வு மட்டுமே. இந்தக் கண்டிப்பான வரையறையின்படி சோதனைக் கூடத்தில் காட்சி அநேகமாக இல்லை. வெப்ப உணரி தருவது மிகச் சிறிய மின்னழுத்தம். அதை 'இத்தனை டிகிரி' என்று படிப்பதே அனுமானம்தான்.

கணக்கு இப்படிப் போகிறது. 30 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்ற, இழப்பே இல்லாத கம்ப்ரஸரில் வெப்பநிலை சுமார் 66 டிகிரி உயரும். (அப்படியொரு கம்ப்ரஸர் உலகில் இல்லை, ஆனாலும் இருக்கும் கம்ப்ரஸர்கள் எல்லாம் அதை வைத்தே மதிப்பிடப்படுகின்றன.) சோதனையில் 90 டிகிரி உயர்ந்தால் செயல்திறன் சுமார் 74 சதவீதம். மிகுதியான வெப்பம் இங்கே 'ஏது', அதாவது அனுமானத்துக்கு ஆதாரமான குறி. இழப்பு அதனால் நிறுவப்படுவது.

ஆனால் டர்பைன் பக்கம் தகிக்கிறது. அந்த வெப்பம் தண்டு வழியாகவும் உறை வழியாகவும் கம்ப்ரஸருக்குக் கடந்து, அளவில் இன்னும் 6 டிகிரியைச் சேர்த்துவிட்டால் செயல்திறன் 69 சதவீதம் என்று கணக்கு வரும். கம்ப்ரஸரோ முன்பு இருந்தபடியே இருக்கிறது. அதே காதை ஏதுப்போலிகளை வகுக்கும்போது அநைகாந்திகம் என்று ஒன்றைச் சொல்கிறது: நிறுவ வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படும் ஏது எதையும் உறுதி செய்யாது. வெப்பநிலை உயர்வு இங்கே அத்தகைய ஏது. குறைந்த வேகத்தில், அழுத்தும் வேலை சிறிதாகவும் கடந்துவரும் வெப்பம் பெரிதாகவும் இருப்பதால், பிழை மிகும். பரிகாரமும் தருக்கத்தின் வழியிலேயே இருக்கிறது. டர்பைனுக்கு வரும் வாயுவின் வெப்பத்தைக் குறைத்து, உறையைக் காப்பிட்டுச் சோதித்தால் இரண்டாவது காரணம் ஏறக்குறைய விலகும், ஏது ஒருமுகப்படும்.

டர்பைன் பக்கத்தின் நிலை இன்னும் சிக்கலானது. வெளியேறும் வாயு சுழன்று, இடத்துக்கு இடம் வெவ்வேறு வெப்பத்துடன் போவதால் அதன் சராசரி வெப்பநிலையை நம்பி அளப்பது கடினம். எனவே கம்ப்ரஸர் ஏற்ற ஆற்றலை டர்பைன்தானே தந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். மீமாஞ்சகர் இதை அருத்தாபத்தி என்பர்: பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருந்தால் இரவில் உண்கிறான். இந்த வழியில் வரும் எண்ணில் தாங்கிகளின் உராய்வும் கலந்திருக்கும். அதைத் தனியே பிரிக்க வேறு சோதனை வேண்டும்.

பாலாறு கடலில் சேருமிடத்துக்கு அருகே, கல்பாக்கத்தில், உவமம் என்ற இன்னோர் அளவை வேலை செய்கிறது. முன்மாதிரி வேக ஈனுலையின் முதன்மைப் பம்புகள் சுமார் 400 டிகிரி திரவச் சோடியத்தில் நிற்பவை. சோடியம் ஒளிபுகாதது, தண்ணீர் பட்டால் எரிவது. இத்தகைய பம்புகளைத் தண்ணீரில் சோதிக்க இடம் தருவது ஓர் ஒப்புமை: அந்த வெப்பத்தில் சோடியத்தின் இயங்கு பாகுநிலை வெந்நீரினுடையதற்கு மிக அருகில் இருக்கிறது. ஓட்டமும் தலையழுத்தமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். குமிழிகள் வெடித்து உலோகத்தை அரிக்கும் வேகம் செல்லாது. ஒப்பு எந்தக் குணத்தில் என்று சொல்லாத உவமம் அளவையாகாது.

மிஞ்சுவது உரை, அதாவது தகுதியுள்ளவரின் சொல். அருணந்தி சிவாசாரியாரின் சைவ நூலான சிவஞான சித்தியார் காண்டல், கருதல் இவற்றோடு உரையையும் தனி அளவையாகக் கொள்கிறது. பௌத்தர் அதை அனுமானத்தில் சேர்த்தனர். வெப்ப உணரியின் அளவுத்திருத்தச் சான்று, படிப்படியாக டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தரஅளவு வரை போகும். சோதிப்பவர் அந்தப் படிகளில் எதையும் தாமே காண்பதில்லை. சொன்னவரின் தகுதியை ஏற்கிறார். தகுதியை ஆராய்ந்தே ஏற்பதால் அதுவும் அனுமானமே என்று பௌத்தர் சொல்லலாம். ஆராய்ச்சி ஓரிடத்தில் நிற்க, அதற்கு மேல் சொல்லே நிற்கிறது என்ற அளவில் சைவரின் பிரிவே சோதனை மேடைக்கு நெருங்கி வருகிறது.