ஆடியில் விழும் கதிரவன்

ஸ்ரீரங்கத்துத் தேர்த்திருவிழாக்களில் நம்பெருமாள் கண்ணாடி அறைக்கு எழுந்தருள்வது வழக்கம். ஆடியில் தெரியும் உரு மெய்யா, வெறும் மயக்கமா என்ற வினாவுக்கு, அவ்வூரில் நெடுங்காலம் வாழ்ந்த இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில் அளித்த விடை, இன்றைய சூரியக் கோபுர மின்நிலையங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கத் தக்கதாக இருக்கிறது.

கண்ணிலிருந்து புறப்படும் கதிர் ஆடியில் மோதித் திரும்பி முகத்தையே பற்றுகிறது என்றும், அது மிக விரைவாக நிகழ்வதால் இடைத்தொலைவு புலப்படாமல் முகம் ஆடிக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது என்றும் அவர் விளக்கினார். எல்லா அறிவும் உள்ளதையே பற்றும் என்னும் யதார்த்தக் கியாதிக் கொள்கையின் ஒரு கூறு இது. மரபுக் கணக்கில் அவர் பிறந்த 1017ஆம் ஆண்டையொட்டியே, ஒளி கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, கண்ணுக்குள் வருகிறது என்று எகிப்தில் இப்னு அல்-ஹைதம் எழுதிக்கொண்டிருந்தார். எனினும் கதிரின் திசைதான் தலைகீழானதே தவிர, இராமானுசரின் முடிவு பிழைபடவில்லை.

சூரியக் கோபுர நிலையத்தில், திருச்சிராப்பள்ளி பெல் ஆலையின் கொதிகலன்களில் நிலக்கரி செய்யும் வேலையை, கதிரவனைத் தொடர்ந்து திரும்பும் 'ஹீலியோஸ்டாட்' என்னும் ஆடிகள் கோபுர உச்சிக்குத் திருப்பும் ஒளி செய்கிறது. ஸ்பெயினில் 2011இல் இயங்கத் தொடங்கிய கெமாசோலார் நிலையத்தில் 2,650 ஆடிகள் உருகிய உப்பை ஏறத்தாழ 565 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றுகின்றன. ஆடியில் இருப்பது பொய்யாயின் உப்பு சூடேறியிராது.

ஆடியின் செங்குத்துக்கோடு, கதிரவனுக்கும் கோபுரத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை எப்போதும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஆடி ஒரு பங்கு பிசகினால் கதிர் இரு பங்கு பிசகும் என்பதால், ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்குப் பிழைகூட அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் ஒளித்திட்டை ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆடியின் திட்டையும் கோபுரத்திலுள்ள வெண்பலகையில் விழச்செய்து, படமெடுத்து, அதன் நடுப்புள்ளி எவ்வளவு விலகியுள்ளது என்று அளக்கிறார்கள். திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களில் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் கதிரவன் வடக்கே சாய்ந்திருப்பதால், ஒரு பருவத்து அளவீடு மறுபருவத்துக்குப் போதாது. இச்சோதனையில் பிழை எனப்படுவது இடத்தின் பிழையே. ஒளி கதிரவனுடையதுதானா என்ற ஐயம் எழுவதேயில்லை.

இதே ஆடிகள் எதிர்த்தரப்புக்கும் உதவும் என்பதை மறைக்கலாகாது. ஒரே பிரம்மம் பல உள்ளங்களில் பிரதிபலித்துப் பல சீவர்களாகத் தோன்றுகிறது என்பது அத்வைதத்தின் விவரண மரபு கூறும் பிரதிபிம்பவாதம். புழுதி படிந்த ஆடியின் திட்டு மங்கினாலும் கதிரவன் மங்காதது அதற்கு நல்ல எடுத்துக்காட்டே. ஆடியைத் திருப்பினால் திட்டு மறையும், சீவனோ இறைவனுக்கு உடலாய், தானே அறியும் பொருளாய் என்றும் நிற்பது என்பதால், இராமானுசர் நெறி இதனை ஏற்காது. ஆக, காட்சியைப் பற்றிய அவர் கருத்துக்கு இந்நிலையங்கள் சான்றாகலாம். சீவனைப் பற்றிய கருத்துக்கு அவை சான்றும் ஆகா, மறுப்பும் ஆகா, ஏனெனில் வெண்பலகையில் விழும் திட்டுக்குத் தன் வெம்மை தெரியாது.