பாறை நிலத்தில் தயம்மும்

அல்ஜீரியாவின் தென்கிழக்கே, சஹாராவினுள், தஸ்ஸிலி நாஜர் என்னும் மணற்கல் பீடபூமி 72,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. முன்னொரு காலத்தில் ஆறுகள் ஓடிய பூமி அது; பாறைச் சித்திரங்களில் நீர்யானையையும் மாட்டு மந்தையையும் இன்றும் காணலாம். இப்போது மழை அபூர்வம். ஆயினும் பாறை இடுக்குகளில் சுனைகள் உண்டு. ஆகவே பிரயாணி, கண்ணெதிரே தண்ணீர் இல்லையென்றதும் தயம்மும் செய்துவிடலாகாது, தேட வேண்டும்.

கிடைத்த தண்ணீர் குடிக்க மட்டுமே காணுமென்றால்? குடிப்பதற்கே வைத்துக்கொள்ள வேண்டும். சுமை தூக்கும் கழுதையின் தாகத்துக்கும் இதே சட்டம்தான். துணைவன் நா வறண்டு கிடக்க, அந்தத் தண்ணீரில் உளூச் செய்வது பேணுதலா என்ன!

இனி, தயம்மும் எதில்? வெறும் பாறையிலும் கூடும் என்பது ஹனஃபி மத்ஹப். நம்மில் ஷாஃபிஈகளோ புழுதியைத் தேட வேண்டும்; மணற்கல் உதிர்ந்த மணலாயினும், புழுதி கலந்திருந்தால்தான் கூடும்.