ஏலாமையின் இரண்டு பெயர்கள்

கற்க விரும்பியதைக் கற்காமல் போனவர்களின் மனக்குறையும், அதைக் கற்கும் தகுதியே தமக்கு இல்லை என்ற எண்ணமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால், இரண்டும் ஒன்று என்றே கருதப்படுகின்றன. தமிழ் இலக்கிய மரபில் இந்த எண்ணத்துக்கு நெருக்கமாகத் தோன்றுவது அவையடக்கம், அதாவது நூலின் தொடக்கத்தில் ஆசிரியர் தம் சிறுமையைக் கற்றோர் முன் சொல்லிக்கொள்ளும் பகுதி. பாற்கடலை நக்கிக் குடித்துவிடலாம் என்று புகுந்த பூனையாகக் கம்பர் தம்மை அதில் வைத்துக் காட்டியது பலரும் அறிந்தது. ஆனால் அவையடக்கம் பாடியவர் தம் நூலைப் பாடி முடித்தவர் என்பதால், அவருடைய பணிவுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பாடல்கள் சாட்சியாக நிற்கின்றன. எதையும் எழுதாமல், எதையும் கற்று முடிக்காமல் போனவனின் ஏலாமைக்கு இலக்கியத்தில் அப்படி ஓர் உறுப்பு வகுக்கப்படவில்லை. அதைப் பற்றிப் பேசும் இடம் சமய சாத்திரங்களே.

பச்சைமலையின் அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள அரும்பாவூரில், ஒரே மரக்கட்டையிலிருந்து தெய்வ உருவங்களைச் செதுக்கி எடுக்கும் தொழில் தலைமுறைகளாக நடந்து வருகிறது. 2020ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளி ஒருமுறை ஆழமாக இறங்கிவிட்டால் போன சில்லைத் திரும்ப ஒட்ட வழியில்லாத அத்தொழிலின் பட்டறைகளில், மரம் யானையாக மாறுவது கண்முன்னே நிகழ்கிறது. மரத்தில் செய்த யானையைக் காண்பவன் யானையை நினைத்தால் மரத்தை மறந்துவிடுகிறான், மரத்தை நினைத்தால் யானையை மறந்துவிடுகிறான் என்ற உவமையைத் திருமூலர் கையாண்டது பரம்பொருளையும் உலகையும் பற்றிச் சொல்வதற்காக. எனினும் அது அறிவைப் பற்றிய சைவ சித்தாந்தக் கொள்கைக்கும் பொருந்துகிறது. ஆணவம் என்று சித்தாந்திகள் சொல்வது வழக்குமொழியில் வரும் செருக்கு மட்டுமன்று. செம்பில் களிம்பு போல ஆன்மாவோடு அநாதியாகவே ஒட்டியிருந்து, அதன் அறிவை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் மலம் அது. அதனால்தான் ஆன்மா சிற்றறிவு உடையது என்றும், அறிவிப்பார் இன்றித் தானாக எதையும் அறியாது என்றும் சித்தாந்திகள் கூறுகிறார்கள். இக்கொள்கையில் ஓர் ஆறுதல் உண்டு, ஏனெனில் இதன்படி மகாபண்டிதரும் ஏலாதவரே. குறையும் உண்டு: எல்லாரும் ஏலாதவர் என்றால், ஒருவனுக்கு யாப்பு வசப்பட்டு மற்றவனுக்கு வசப்படாமல் போனது ஏன் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சமணர்கள் இந்த ஏலாமையை நுட்பமாகப் பிரித்தார்கள். உயிரைக் கட்டும் வினைகள் எட்டு என்று வகுத்த அவர்கள், அறிவை மூடும் வினைக்கு ஞானாவரணீயம் என்று பெயரிட்டனர். ஆவரணம் என்றால் திரை. எட்டாவதான அந்தராயம் இடையூறு செய்யும் வினை; அதன் ஐந்து வகைகளுள் வீரியாந்தராயம் என்பது முயலும் ஆற்றலையே தடுப்பது. ஆக, 'எனக்கு இது விளங்கவில்லை' என்பதும் 'எனக்கு இதில் இறங்க வலு இல்லை' என்பதும் வெவ்வேறு கட்டுகள். ஒன்றுக்குச் சொல்லும் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. அறிவைத் திரையிடும் வினை எதனால் சேர்கிறது என்பதற்கு உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தரும் காரணங்களும் கவனிக்கத்தக்கவை: கற்றதை ஒளித்தல், கற்பவர்மேல் பொறாமை, பிறர் கல்விக்கு இடையூறு செய்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். தன் குறையைத் தானே ஆராய்பவனுக்கு இது கூர்மையான கருவி. பள்ளியை விட்டு உளியைப் பிடித்த சிறுவனைக் காட்டி 'இவன் முன்வினை' என்று மற்றவர் சொல்வதற்கு இதைப் பயன்படுத்தினால், கல்விக்கு இடையூறு செய்யும் பாவம் சொன்னவர் கணக்கில் சேரும் என்பதே அச்சூத்திரத்தின் நேரான பொருள்.

இவ்விரண்டு கட்டுகளும் தனித்தனியே செயல்படுவதைக் காட்டும் சிறந்த வாழ்க்கை உ.வே. சாமிநாதையருடையது, அதன் முதற்பகுதி நடந்ததும் பெரம்பலூர்ப் பக்கத்து இந்த மண்ணில்தான். 1855இல் பிறந்த அவருக்குத் தமிழ் கற்பிக்க ஆள் தேடி, தந்தை வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு ஊர் ஊராகக் குடிபெயர்ந்தார். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று, ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். ஒருவரிடம் நன்னூல், மற்றொருவரிடம் யாப்பருங்கலக்காரிகை. அந்நாளில் அவருக்கு இருந்த தடை திரை ஒன்றே; முயலும் வலுவில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது அந்தத் திரையும் விலகியது என்றே தோன்றியிருக்கும்.

உண்மையான சோதனை கற்ற பிறகே வந்தது. 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த அவர், அங்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்று, தாம் படித்த அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என அடுக்கிச் சொன்னார். முதலியார் முகத்தில் வியப்பு எழவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்றார். இல்லை. ஏட்டில் கிடந்த அந்நூல்களை அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. ஏட்டுச்சுவடிக் கட்டுகளுக்கு நடுவே வளர்ந்த இருபத்தைந்து வயது ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய அடி கிடைத்திருக்க முடியாது. படிக்காதவனைத் தீண்டாத வெட்கம் அது, நிறையப் படித்தவனையே சுடுவது. முதலியார் தந்த சிந்தாமணிக் கடிதப் பிரதியை எடுத்துப் படித்தபோது, நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணச் சொற்கள் விளங்காமல் திரை மீண்டும் இறங்கியது. சைவ மடத்தில் பயின்ற அவர், கும்பகோணத்துச் சமணர்களின் வீட்டுக்குப் போய் அவர்களிடம் மாணவராக உட்கார்ந்தார். ஏழாண்டுக்குப் பிறகு, 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. அவருக்கு அறியாமை இருந்தது, வெட்கமும் இருந்தது. அந்த வெட்கம் வீரியாந்தராயமாக இறுகாமல் போனதுதான் வேறுபாடு. ஞானாவரணீயம் என்ற சொல்லை விளக்கக்கூடிய மனிதர்களிடமே அவர் தம் ஞானாவரணீயத்தோடு போக நேர்ந்தது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல்.

இப்படி ஒரு முதலியார் யாருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை என்று சொல்லலாம்; அது நியாயமான மறுப்பு. முயன்றும் எட்டாமல் செத்துப் போனவன் கிழிந்த மேகம் போல இரண்டுங்கெட்டானாகச் சிதறிவிடுவானா என்று அர்ச்சுனன் கேட்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் வருகிறது. விட்ட இடத்தின் அறிவோடு அடுத்த பிறவியில் தொடங்குவான் என்பது கண்ணன் தரும் விடை. மறுபிறவியை ஏற்காதவனுக்கு இந்த விடை பயன்படாது. ஏற்பவனுக்கும் இந்தப் பிறவியின் மாலைப்பொழுதுகளை அது நிரப்புவதில்லை. திருக்குறளின் போக்கு வேறு. பல நுண்ணிய நூல் கற்றாலும் ஊழ் தந்த அறிவே மேம்படும் என்று ஊழ் அதிகாரத்தில் கைவிரித்த வள்ளுவரே, ஆள்வினையுடைமையில் ஊழையும் புறங்காணலாம் என்கிறார். இம்முரணை உரையாசிரியர்கள் பலவாறு தீர்த்திருக்கிறார்கள். கல்லாமைக்கு அடுத்த அதிகாரமாகக் கேள்வியை வைத்தது அவற்றைவிடத் தெளிவான பதில். கல்லாதவனும் கேட்கலாம், தளர்ச்சியில் அது ஊன்றுகோலாகும் என்பது அங்குள்ள கருத்து.

கேள்விக்கு உரிய காட்சியும் சாமிநாதையர் பயின்ற அதே ஊர்களில் உண்டு. வேங்கடசுப்பையரின் பிழைப்பு, இராமாயணத்தை அருணாசலக் கவிராயரின் கீர்த்தனைகளோடு பாடிக் கதை சொல்வது. எழுத்துக் கூட்டவும் தெரியாதவர்கள் உள்ளிட்ட ஒரு கூட்டம் கதையைக் கேட்டுவிட்டு, நெல்லும் காசுமாகத் தம்மால் இயன்றதைக் கொடுத்தது. அந்தக் குடும்பத்தின் உலை கொதித்ததும், மகன் நன்னூல் படித்ததும் அதில்தான். சிந்தாமணிப் பதிப்பு அந்தக் கூட்டத்துக்கும் கடன்பட்டது.