ரசனையும் ஓர் அமானிதமே!

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் வல்ல நாயன் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கோவில்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் காட்டு ஊர்களிலும் அந்திக்குப் பிறகு ஒரு காட்சியைக் காணலாம். டீக்கடைப் பெஞ்சிலோ, மைதானத்து மூலையிலோ நாலைந்து பேர் கூடி உட்கார்ந்திருப்பார்கள். மழைப் பேச்சும் பருத்தி விலையும் முடிந்தபின் பேச்சு புத்தகத்திற்குத் தாவும், பாட்டிற்குத் தாவும், படத்திற்குத் தாவும். ஒருவர் ஒரு கதையைப் புகழ்வார். மற்றவர் அதை மறுப்பார். மூன்றாமவர் இரண்டையும் தள்ளிவிட்டு வேறொன்றைச் சொல்வார். தேநீர் ஆறிப்போகும், பேச்சு மட்டும் ஆறாது.

“இந்தக் கூட்டத்தில் நாங்கள் உட்காரலாமா?” என்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். “பாட்டும் படமும் பேசுகிற இடத்தில் தொழுகிற பிள்ளைக்கு என்ன வேலை?” என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். இருவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவசரப்பட்டு ஒரே சொல்லில் பதில் சொன்னால், ஒன்று மார்க்கத்தின் வரம்பு தளர்ந்துபோகும். அல்லது பிள்ளைகள் மார்க்கத்தை விட்டே விலகி நிற்பார்கள். ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

நாயகத்தின் சபையில் கவிதை

ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அவர்கள் நூறு தடவைக்கு மேல் பெருமானார் (ஸல்) அவர்களின் சபையில் அமர்ந்தவர்கள். அந்தச் சபையில் தோழர்கள் ஒருவருக்கொருவர் கவிதை சொல்லிக்கொள்வார்கள் என்றும், அறியாமைக் காலத்துப் பழங்கதைகளை நினைவுகூர்வார்கள் என்றும், நாயகம் (ஸல்) அவர்கள் மௌனமாகக் கேட்டிருந்து சில வேளை அவர்களோடு புன்னகை பூப்பார்கள் என்றும் அவர்கள் அறிவிக்கிறார்கள். திர்மிதீ ஷரீபில் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது.

இன்னொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஷரீத் (ரலி) என்ற தோழர் ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்களின் வாகனத்தில் பின்னால் அமர்ந்து செல்கிறார். தாயிப் நகரத்துக் கவிஞர் உமய்யாவின் கவிதை ஏதேனும் உமக்குத் தெரியுமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். தெரியும் என்று அவர் ஓர் அடி சொல்கிறார். இன்னும் சொல்லும் என்கிறார்கள். அவர் மேலும் சொல்கிறார். இன்னும், இன்னும் என்று கேட்டுக் கேட்டு நூறு அடிகள் வரை செவிமடுத்தார்கள் என்று முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். அந்த உமய்யா யார்? இஸ்லாத்தின் அழைப்பு எட்டியும் ஏற்காமல் போனவர். ஆயினும் அவருடைய கவிதையில் இறைவனைப் பற்றிய நல்ல கருத்துகள் இருந்தன. சொன்னவர் யாரென்பதால் அந்த நன்மையை நாயகம் (ஸல்) அவர்கள் தள்ளிவிடவில்லை.

இதிலிருந்து எல்லாப் பாட்டும் ஆகும், எல்லாப் படமும் ஆகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கவிஞர்களைப் பற்றியே ஒரு சூரா திருமறையில் இருக்கிறது. பள்ளத்தாக்குத்தோறும் அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரிவோரை அது கண்டிக்கிறது. ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து இறைவனை அதிகம் நினைவுகூர்வோரை அந்தக் கண்டனத்திலிருந்து விலக்குகிறது. கவிதையும் பேச்சு வகைதான், அதில் நல்லது நல்லதே, கெட்டது கெட்டதே என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அளவுகோல் தந்தார்கள். வெட்கத்தை அழிக்கும் காட்சிக்கும், மதுவையும் விபசாரத்தையும் இனிப்பாக்கிக் காட்டும் பாட்டுக்கும் இந்த அளவுகோலில் இடமில்லை. இசைக்கருவிகளைப் பற்றி நம் இமாம்கள் கூறிய எச்சரிக்கையும் எச்சரிக்கையாகவே நிற்கிறது. ஆகுமானதைப் பேசும்போதும் எப்படிப் பேசுகிறோம் என்ற கணக்கு ஒன்று இருக்கிறதே, அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எட்டயபுரம் தந்த செல்வம்

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் எட்டயபுரம் இருக்கிறது. மகாகவி பாரதி 1882-ல் பிறந்த ஊர். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடிய ஊர். அதே ஊரில்தான் சீறாப்புராணம் பாடிய அமுதகவி உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார்.

உமறு யாரிடம் தமிழ் கற்றார்? எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம். ஆசிரியர் இந்து, மாணவர் அத்தர் வணிகரின் மகனான முஸ்லிம். வடநாட்டிலிருந்து வாலை வாருதி என்ற புலவர் வந்து வாதுக்கு அழைத்தபோது, வயதில் இளைய உமறு தம் ஆசிரியருக்காக முன்வந்து வாதிட்டு வென்றார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒருவர் பாட்டை மற்றவர் நிறுத்துப் பார்க்கும் சபையில் வளர்ந்த புலமைதான், பிற்காலத்தில் வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளால் நம் நாயகத்தின் திருவரலாற்றைப் பாட முன்வந்தது. மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள்! அந்தச் சபை இல்லையென்றால் அந்தக் காவியத்துக்கு அத்தகைய தமிழ் எங்கிருந்து வந்திருக்கும்?

வரலாற்றின் அடுத்த பகுதியையும் சொல்ல வேண்டும். நாயக வரலாற்றுக்குரிய ஆதாரங்களைக் கேட்டு உமறு, மாமேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் போனார். அரசவைப் புலவரின் உடையிலும் கோலத்திலும் வந்தவரைக் கண்ட அப்பா அவர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு பரங்கிப்பேட்டையில் மஹ்மூது தீபி ஆலிம் அவர்கள் மூலம் உமறுக்கு அந்த ஆதாரங்கள் கிடைத்தன என்பது செவிவழி வரலாறு. தயங்கியவரும் ஆலிமே, உதவியவரும் ஆலிமே. நாயகத்தின் வரலாறு தவறின்றிப் பாடப்பட வேண்டுமே என்ற கவலை தயக்கத்திலும் இருந்தது, உதவியிலும் இருந்தது. நம் காலத்து உலமாக்களுக்கும் இவ்விரண்டும் வேண்டும். பாடல்களின் பக்கம் போகிற பிள்ளையை எச்சரிக்கவும் வேண்டும். நல்ல வழியைக் கையில் கொடுக்கவும் வேண்டும்.

இடைசெவல் நண்பர்கள்

கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்ற சிற்றூர். அங்கே பிறந்து வளர்ந்த இரு நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். இருவரும் சேர்ந்தே புத்தகம் படித்தார்கள், சங்கீதத்தில் ஈடுபட்டார்கள், குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யைத் தேடிப் போய்க் கவிதை கேட்டார்கள். அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலாயாவுக்கும் போனார். ராஜநாராயணன் ஊரிலிருந்து விவசாயம் பார்த்தார். பிரிவு வந்தபின் பேச்சைக் கடிதம் ஏற்றுக்கொண்டது. நண்பர் எழுதிய கடிதங்களை ராஜநாராயணன் காத்து வைத்திருந்து பின்னாளில் நூலாக்கினார். 1970-ல் அழகிரிசாமி மறைந்தார். அவ்வாண்டே அவருடைய ‘அன்பளிப்பு’க்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 1991-ல் ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ அதே விருதைப் பெற்றது.

இவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் கவனியுங்கள். சின்னஞ்சிறு கிராமத்தில் இரண்டு பிள்ளைகள் தாம் விரும்பிய புத்தகத்தையும் பாட்டையும் பகிர்ந்துகொண்டார்கள். அந்தப் பகிர்வு ஒருவரை ஒருவர் சிறுமைப்படுத்தவில்லை, இருவரையும் உயர்த்தியது. நண்பனின் கடிதத்தை ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கையை நம் மொழியில் அமானிதம் காத்த கை என்போம்.

பாட்டுக்காக நீதிமன்றம் போன கதை

இதற்கு நேர்மாறான கதையும் தமிழகத்தில் நடந்திருக்கிறது. வடலூர் இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று ஒரு சாரார் போற்றினார்கள். அன்று, மருட்பா என்று மற்றொரு சாரார் மறுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அந்தப் பூசல் கண்டன நூல்களாகப் பெருகி, நீதிமன்றம் வரை போய், இரு தலைமுறைகள் நீடித்தது. பாட்டைப் பற்றிய பேச்சு எங்கேயோ நின்றுபோக, ஆளைப் பற்றிய ஏச்சு வளர்ந்தது.

அந்தக் கொந்தளிப்பில் அருட்பாவுக்காக மேடையேறிய ஒருவர் நம்மவர். நாஞ்சில் நாட்டுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950). சீறாப்புராணத்துக்கு உரை கண்ட அந்தப் பெருமகன், பிற சமயத்துச் சான்றோரின் பாடல்களை ஆழ்ந்து கற்றிருந்தார். கற்றதை எடுத்துவைத்து வாதிட்டார். அதனால் அந்தச் சமயத்தாரே அவரைச் சிறப்பித்தார்கள். வாதம் செய்யத்தான் வேண்டுமென்றால் முதலில் படித்துவிட்டு வாருங்கள் என்ற பாடத்தை அவர் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறார்.

பிற்காலத்தில் சினிமா வந்தது. பாகவதரா, சின்னப்பாவா என்றார்கள். எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்றார்கள். எத்தனை ஊர்களில் எத்தனை நண்பர்கள் இதற்காக முகம் திருப்பிக்கொண்டார்கள்! நடித்தவர்கள் ஒருவரையொருவர் சகோதரராக அழைத்துக்கொண்டிருந்தபோது, பார்த்தவர்கள் பகைத்துக்கொண்டார்கள். இன்று பெயர்கள் மாறிவிட்டன. பகை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாமலிருப்பது ஆகுமானதல்ல என்பது நபிமொழி. உலகக் காரியத்தில் மெய்யான மனவருத்தம் ஏற்பட்டாலே வரம்பு மூன்று நாள்தான். திரையில் தோன்றி மறையும் நிழலுக்காக ஸலாம் சொல்வதை நிறுத்திய நெஞ்சு, நாளை மறுமையில் எந்தக் காரணத்தை எடுத்து நீட்டும்?

கையைப் பிடித்த இமாம்

தான் சொல்வதே சரியாயிருந்தும் தர்க்கத்தை விட்டுக்கொடுப்பவருக்குச் சுவனத்தின் ஓரத்தில் ஒரு வீட்டுக்குத் தாம் பொறுப்பு என்று நாயகம் (ஸல்) அவர்கள் வாக்களித்துள்ளார்கள். அபூதாவூதில் உள்ள ஹதீஸ் இது. பேச வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. வென்றே தீர வேண்டும் என்ற வெறி வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது.

எகிப்தில் யூனுஸ் அஸ்ஸதஃபீ என்ற மாணவர் ஒரு மஸ்அலாவில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோடு வாதிட்டார். ஒத்த கருத்து ஏற்படாமலேயே பிரிந்தார்கள். பிறகு சந்தித்தபோது இமாம் அவர்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு விஷயத்தில் நாம் ஒத்துப்போகாவிட்டாலும் சகோதரர்களாக இருப்பது அழகல்லவா என்று கேட்டார்கள். மார்க்கச் சட்டத்தில் கருத்து வேறுபட்டவர்களுக்கே அந்தப் பெருந்தன்மை இருந்ததென்றால், ஒரு நாவலுக்கும் ஒரு பாடலுக்கும் வேறுபடுகிற நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

சபைக்குப் போகுமுன்

வாலிபத் தம்பிகளே! உங்கள் கூட்டத்துக்குப் போங்கள். போகுமுன் நான்கு காரியங்களை மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, நேரம். இஷாவுக்குப் பிறகு வீண்பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. கல்விக்கும் விருந்தினருக்கும் குடும்பத்தாருக்கும் அதில் இடம் உண்டு என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். எவ்வளவு உயர்ந்த நூலைப் பற்றிப் பேசினாலும் சரி, சுபுஹுத் தொழுகையை விழுங்கிவிட்டால் அந்தப் பேச்சு நஷ்டமே.

இரண்டாவது, நாவு. நம் பகுதி தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போனது. ஒரே குச்சி விளக்கையும் ஏற்றும்; களத்து மேட்டுப் படப்பையும் கொளுத்தும். நூலைக் குறை சொல்லுங்கள். அதை விரும்பியவனைக் கேலி செய்யாதீர்கள். ஒருவரையொருவர் பரிகாசம் செய்வதையும் இழிபெயர் சூட்டுவதையும் ஹுஜுராத் சூராவில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். நேரில் சொன்னாலும் கைபேசியில் எழுதினாலும் மலக்குகளின் ஏட்டில் எழுத்து ஒன்றுதான்.

மூன்றாவது, செவி. சொல்லைச் செவிதாழ்த்திக் கேட்டு அதில் அழகானதைப் பின்பற்றும் அடியார்களுக்கு ஸுமர் சூராவில் நன்மாராயம் சொல்லப்பட்டிருக்கிறது. பின்பற்றுவது பிறகு, கேட்பதே முதல். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், மழை இறங்கியதும் தன் பிளவுகளை மூடிக்கொள்கிறது. குடித்த ஈரத்தை நெடுநாள் வைத்திருந்து பயிரைக் காப்பாற்றுகிறது. நண்பன் சொல்லும்போது உள்ளம் அப்படி இருக்கட்டும்.

நான்காவது, அமானிதம். இரவல் வாங்கிய புத்தகத்தைக் குறித்த நாளில், மடங்காமல், கறைபடாமல் திருப்பிக் கொடுங்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும்படி திருமறை கட்டளையிடுகிறது. புத்தகத்துக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை. சபையில் ஒருவன் மனம்விட்டுச் சொன்னதும் அமானிதமே. உங்களை நம்பிச் சிறியவன் ஒருவன் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், அதுவும் அமானிதமே. அவனுடைய ஈமானுக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு செய்வதை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் ரசனையைத்தான் சொன்னேன் என்று தப்பிக்க முடியாது. சபை கலையும்போது இறைவனைத் துதித்துப் பாவமன்னிப்புக் கேட்க நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த துஆவை ஓதி எழுந்திருங்கள். அந்தச் சபையில் நேர்ந்த குற்றங்களுக்கு அது பரிகாரமாகும்.

பெற்றோர்களே, பெரியவர்களே! உங்கள் பிள்ளை புத்தகத்தோடு வந்தால் பறித்து எறியாதீர்கள். அருகில் உட்கார வைத்து, இதில் என்ன இருக்கிறது, உனக்கு எது பிடித்தது என்று கேளுங்கள். கெட்டது இருந்தால் காரணம் சொல்லி விலக்குங்கள். நல்லது இருந்தால் நீங்களும் கொஞ்சம் கேளுங்கள். நூறு அடிக் கவிதையைப் பொறுமையாகக் கேட்ட நாயகத்தின் உம்மத் அல்லவா நாம்! வீட்டில் கேட்கச் செவியில்லாத பிள்ளைதான் கேட்க ஆளிருக்கும் எந்தத் திண்ணைக்கும் போய்விடுகிறது.

வல்ல அல்லாஹ் நம் செவியையும் நாவையும் ரசனையையும் நேர்வழியில் ஆக்கிவைப்பானாக! அழகான சொல்லைக் கேட்டு, அதில் மிக அழகானதைப் பின்பற்றும் கூட்டத்தில் நம்மையும் நம் மக்களையும் சேர்த்தருள்வானாக! கருத்து வேறுபட்டாலும் கை பிரியாத சகோதரர்களாக நம்மை வாழவைப்பானாக! ஆமீன்.