பெருசா இருக்கே கண்ணு!

நடிகை மனோரமாவை எல்லோரும் 'ஆச்சி' என்று கூப்பிடுவதற்கு முன்னால், நாடக மேடையில் அவருக்கு இருந்த பெயர் 'பள்ளத்தூர் பாப்பா'. பிறந்தது மன்னார்குடி, வளர்ந்தது காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர். பாப்பா என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று குழந்தை. இன்னொன்று, கண்ணுக்கு நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம். அதற்குள் உற்றுப் பார்த்தால், பார்க்கிறவரின் உருவமே குட்டிப் பொம்மையாகத் தெரியும். லத்தீன்காரர்களும் இதே காரணத்துக்காக அதைச் 'சின்னப் பொம்மை' என்றுதான் சொன்னார்கள். ஆக, ஒரு குழந்தையின் கண்ணைப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது பாதி நாம்தான். நம் ஆசையும் அதில் கலந்திருக்கிறது.

பள்ளத்தூரில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? "கண்ணு எம்புட்டுப் பெருசா இருக்கு! அப்படியே ஆயா மாதிரி." ஆயா என்றால் அங்கே அம்மாவைப் பெற்றவர். அவருக்குப் பெருமை தாங்காது. வந்தவர்கள் படியிறங்கியதும் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிடுவார். பெரும்பாலும் இதில் ஒரு தப்பும் இல்லை. குழந்தைக்குப் பெரிய கண் இருக்கத்தான் செய்யும். ஆனால் சில குழந்தைகளுக்குக் கண் பெரிதாவது அழகினால் அல்ல, அழுத்தத்தினால்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. ஊறுகிற அளவுக்கு அது வடியவும் வேண்டும். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் மழைத்தண்ணீர் போகிற வழி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில குழந்தைகளுக்கு இந்த வடிகால் பிறக்கும்போதே சரியாக அமைவதில்லை. அதுதான் பிறவி குளுக்கோமா. பெரியவர்களுக்குக் குளுக்கோமா வந்தால் கண் வெளியே அப்படியேதான் இருக்கும், உள்ளே நரம்பு மட்டும் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். குழந்தையின் கண் சுவர் இளசு. சுமார் மூன்று வயது வரைக்கும் அது நெகிழும். அழுத்தம் ஏற ஏறக் கண்ணே பெருக்கிறது, உள்ளே நரம்பும் சாகிறது.

ஹோமர் தன் காவியத்தில் ஹீரா தேவியை 'மாட்டுக்கண்ணி' என்று புகழ்கிறார். இப்படிப் பெருத்துப்போன குழந்தைக் கண்ணுக்கு மருத்துவர்கள் வைத்த கிரேக்கப் பெயரும் 'மாட்டுக்கண்'தான். நாமும் மான்விழி, கயல்விழி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள். மீன் போன்ற கண்ணை உடையவள் என்பதால்தான் மதுரைக்காரிக்கு மீனாட்சி என்று பெயர். பெரிய கண்ணைச் சந்தேகப்பட நமக்குப் பழக்கமே கிடையாது.

ஒரு கண் மட்டும் பெருத்தால் தாய்க்கு எப்படியும் தெரிந்துவிடும். இரண்டும் சேர்ந்து பெருத்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. அப்போது வேறு அறிகுறிகள்தான் துணை. வெளிச்சம் பட்டால் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்ளும், தோளில் முகம் புதைக்கும். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். கருவிழி பளபளப்பில்லாமல் பால் படிந்தாற்போல இருக்கும். வெறுமனே நீர் வடிவது பெரும்பாலும் கண்ணீர்ப் பாதை அடைப்புதான், யாரும் பதற வேண்டாம். அதோடு வெளிச்சத்துக்குப் பயமும் சேர்ந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

கிளம்பினால் எங்கே? பள்ளத்தூரிலிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்களுக்கு அது கண்புரை ஆபரேஷனால் பழக்கமான பெயர். கண்புரையில் ஒரு வசதி, தாத்தா போனார், பார்வையோடு திரும்பினார், கதை முடிந்தது. குழந்தையின் குளுக்கோமா அப்படி முடிகிற கதை அல்ல. ஆபரேஷன் செய்து வடிகாலைத் திறந்துவிடுகிறார்கள். நல்லபடியாகவே முடிகிறது. ஆனால் திறந்த வழி எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடைக்கலாம். அதனால் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? அழுத்தத்தை அளந்தால் போதாதா? கைக்குழந்தை அசையாமல் படுக்காது. மயக்க மருந்து கொடுத்துத்தான் முழுதாகப் பரிசோதிக்க முடியும். மயக்க மருந்துகளில் பல கண்ணின் அழுத்தத்தையே குறைத்துக் காட்டிவிடும். போதாததற்கு அழுத்தம் நேரத்துக்கு நேரம் மாறக்கூடியது. அது அந்த ஒரு நிமிஷத்தின் சாட்சி. கண்ணின் நீளமோ கடந்துபோன மாதங்களின் சாட்சி. பிறந்த குழந்தையின் கண் முன்னும் பின்னுமாகச் சுமார் 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 23, 24. இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை முதல் இரண்டு வருடத்திலேயே கண் வளர்ந்து முடித்துவிடும். அதனால் 'வளர்ந்திருக்கிறது' என்பது மட்டும் செய்தி அல்ல. நியாயமாக வளர வேண்டியதைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் செய்தி. ஸ்கேனில் நீளத்தை எடுத்து, அந்த வயதுக்குரிய கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். ஆபரேஷன் பலித்தால் சில குழந்தைகளுக்கு நீளம் கொஞ்சம் குறைவதுகூட உண்டு. பலிக்கவில்லை என்றால் புள்ளி கோட்டை விட்டு மேலே ஏறும்.

வளர்ச்சி என்றாலே நல்லது என்று நினைத்துப் பழகிவிட்டோம். செட்டிநாட்டுக்கு இது வேறு விதமாகத் தெரிந்த விஷயம். 1930-ல் கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் சுமார் 6 சதவீதம். 1938-க்குள் அது 25 சதவீதம். பேரேட்டை மட்டும் பார்த்தால் அபாரமான வளர்ச்சி! உண்மையில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கினவன் திருப்பிக் கட்ட முடியாமல் விட்டுப்போன நிலம் அது. வரவேண்டிய பணம் வராமல் போனதற்குத்தான் அந்தப் பெருக்கம் அடையாளம். கடைசியில் அந்த நிலமும் கையில் நிற்கவில்லை.

இனிதான் எனக்குச் சிக்கலான கேள்வி. "ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு டாக்டரே சொன்னாங்க. பிள்ளை ஓடியாடி விளையாடுது. அதை எதுக்கு மறுபடியும் மறுபடியும் மயக்கத்துல படுக்கப் போடணும்?" என்று ஒரு தாய் கேட்டால், அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2016-ல் எச்சரித்தது: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நீண்ட நேரமோ அடிக்கடியோ மயக்க மருந்து தருவது மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று. ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் பாதிப்பு தெரியவில்லை என்று 2019-ல் ஒரு பெரிய ஆய்வு ஆறுதல் சொன்னது. இந்தக் குழந்தைகளுக்கு ஒரு முறையோடு நிற்காதே! கொஞ்சம் வளர்ந்த பிறகு, விழித்திருக்கும்போதே அழுத்தத்தை அளக்கிற சின்னக் கருவிகள் வந்திருக்கின்றன. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு அவை மட்டும் போதாது.

புகார் சொல்லாத ஒரு குழந்தையைத் தொந்தரவு செய்ய நமக்கு உரிமை உண்டா? உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புகார் சொல்ல வேண்டுமானால், இதைவிட நல்ல பார்வை ஒன்று இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். மங்கலாகவே உலகத்தைப் பார்த்த பிள்ளைக்கு மங்கல்தான் உலகம். அதன் விளையாட்டை நாம் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இந்த உரிமைக்கு ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு முறையும் 'இன்றைக்கு ஏன்' என்பதைப் பெற்றவர்களுக்கு மருத்துவர் சொல்லியாக வேண்டும். அந்தக் கோட்டையும் புள்ளியையும் அவர்கள் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்ற ஒரே வரியை நம்பி, ஒரு நாள் கூலியை விட்டு 100 கிலோமீட்டர் யார் வருவார்கள்?

பழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இவ வயித்துல பொறந்ததாலதான்" என்று மருமகளைக் கை காட்டுகிற வீடுகள் உண்டு. பரம்பரையாக வருகிற வகையில் பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஆளுக்குப் பாதியாக வருகிற கோளாறு இது. மேற்கு நாடுகளில் சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு என்றால், ஆந்திராவில் சுமார் 3,300-ல் ஒன்றுக்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுப்பது ஒரு காரணம். அந்த ஏற்பாட்டை மருமகள் தனியாகச் செய்யவில்லை. முதல் பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளையின் கண்ணையும் பிறந்த சில நாளிலேயே காட்டிவிட வேண்டும்.

மருத்துவர்கள் சில சமயம் குழந்தையின் பழைய போட்டோக்களைக் கேட்பதுண்டு. எப்போதிலிருந்து கண் பெருக்க ஆரம்பித்தது என்று அதில் ஓரளவு பிடித்துவிடலாம். எல்லார் செல்போனிலும் நூறு படம் இருக்கிறதே. வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனால், வெயிலில் வைத்து எடுத்த படம் ஒவ்வொன்றிலும் பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும். கூச்ச சுபாவம் என்று நினைத்துத்தான் அதையெல்லாம் எடுத்திருப்பார்கள்.