வரப்பை வெட்டும் கை

மூணாறிலிருந்து மலைச்சரிவில் சிறிது தூரம் இறங்கினால் பள்ளிவாசல் என்னும் சிற்றூர் வருகிறது. முதிரப்புழை ஆற்றின் நீரைச் சுரங்கத்தின் வழியே திருப்பி, பெரும் குழாய்களில் கீழே இறக்கி, திருவிதாங்கூர் அரசு தனது முதல் நீர்மின் நிலையத்தை 1940-ஆம் ஆண்டு இங்கே இயக்கத் தொடங்கியது. ஒளியாக மாறிய அந்த ஆற்றலை நீருக்கு எவரும் புதிதாக ஊட்டவில்லை. மலையின் உயரத்தில் இருந்தபோதே அது நீரினுள் இருந்தது. மனிதர்கள் அதற்கு வழி மட்டுமே அமைத்தார்கள்.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் உழவனை உவமையாகக் காட்டுகிறார். உழவன் நீரைச் சுமந்து செல்வதில்லை. வரப்பை வெட்டிவிடுகிறான், நீர் தன் இயல்பாலேயே வயலில் பாய்கிறது. மனிதனுள் உறையும் நிறைவும் அவ்வாறே, தடை நீங்கும்போது தானே வெளிப்படுகிறது. சேவையில் ஈடுபடும் சாதகர் நெஞ்சில் பதிக்க வேண்டிய உவமை இது.

பள்ளிவாசலைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பலர், தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறிய குடும்பத்தினர். அவர்கள் வாழும் லயங்கள் தோட்ட வேலையுடன் பிணைந்தவை. 58 வயதில் ஓய்வு பெறும்போது, பிள்ளைகளுள் ஒருவராவது தோட்டத்தில் பணிபுரியாவிடில், வீட்டையும் விட்டு வெளியேற நேரிடும். இத்தகைய வீட்டில் கொழுந்து பறிக்க இயலாத உடலுடனோ, மெல்லவே கற்கும் மனத்துடனோ ஒரு குழந்தை பிறந்தால் என்ன செய்வது? பொழுது விடிந்ததும் தாய் வேலைக்குச் சென்றாக வேண்டும். 'எனக்குப் பிறகு இவனுக்கு யார்?' என்ற அவளது கவலை, முதுகில் ஏறும் கொழுந்துச் சுமையினும் கனமானது.

இக்குழந்தைகளுக்காகவே மூணாறில் 1991-ஆம் ஆண்டு, டாடா டீ நிறுவனத்தின் ஆதரவுடன் 'சிருஷ்டி' என்ற நல்வாழ்வு மையம் உருவாயிற்று. அங்கே அவர்களுக்குச் சிறப்புப் பள்ளி உண்டு. வளர்ந்த பின் தொழிலும் உண்டு. 'ஆரண்யா' பிரிவில் யூகலிப்டஸ் இலை, தேயிலைக் கழிவு, மாதுளைத் தோல் போன்றவற்றிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். 'அதுல்யா' பிரிவில் கையால் காகிதம் செய்கிறார்கள். உழைப்புக்கு ஊதியம் பெறுகிறார்கள். எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட கழிவில் நிறம் ஒளிந்திருப்பதை, எதற்கும் உதவார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் கைகள் உலகுக்குக் காட்டுகின்றன.

இதில் சேவை செய்பவர் யார்? பள்ளியை அமைத்தவர் மட்டுமா? தன் கடமையையே மலராக்கி இறைவனை அர்ச்சிப்பவன் நிறைநிலை அடைகிறான் என்பது கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் கூறும் உண்மை. அவ்வாறாயின் சாயத்தொட்டியருகே நின்று துணியை நனைக்கும் அந்த இளைஞனும் பூஜை செய்பவனே. அவனுக்கு அந்த மலரைக் கிடைக்கச் செய்வதே உண்மையான உதவி.

பசித்தவனுக்கு முதலில் உணவுதான் தர வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயினும் கொடுத்துக்கொண்டே இருப்பதில் ஒரு நுண்ணிய ஆபத்து உண்டு. கொடுக்கும் கை எப்போதும் மேலே இருக்கிறது. அந்த உயரம் அகந்தைக்கு இனிக்கிறது. எனவே தொண்டு செய்பவர் ஒவ்வொருவரும் தனிமையில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்று நம்மிடம் பெறுபவர், நாளை நம்மைத் தேடி வரும் தேவையே இல்லாதவராகிவிட்டால் நம் மனம் மகிழுமா, வாடுமா?

வரப்பை வெட்டிய உழவன், நீர் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று வருந்துவதில்லை. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடுத்த வரப்பை நோக்கி நடக்கிறான்.