பேர் விழாத மனிதர்

மனிதன் தன் வாழ்வுக்குப் பொருள் தேடுகிறான். பிறருக்கு உழைப்பதிலேயே அப்பொருள் கிடைக்கும் என்று சான்றோர் பலர் சொல்லிவந்திருக்கின்றனர். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அவ்வறிவுரைக்குள் ஒரு கேள்வி மறைந்து கிடக்கிறது. ஒருவருடைய குறையை இன்னொருவர் தம் வாழ்வின் நிறைவுக்குப் படியாக்கிக்கொள்வது அறமாகுமா? விசேட தேவையுடையோருக்கென்று சமூகத் தொழில்முயற்சிகளைத் தொடங்க விரும்பும் இளைஞர்கள் இதற்கு விடை கண்டாக வேண்டும்.

வரக்காப்பொலையைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளில் வாழும் நமக்கு இக்கேள்வி வெறும் தத்துவ விசாரமன்று. தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்பது ஒரு நாட்கூலி. குறித்த அளவு பாலோ கொழுந்தோ கொடுத்தவருக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். மனிதனின் பெயரும் அவன் கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட சமுதாயம் இது. இங்கே கால் வழங்காத பிள்ளைக்கும், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் என்ன பெயர்? பிள்ளை மடுவத்தின் வயதைக் கடந்த அத்தகைய குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய் லயத்தில் நின்றுவிட்டால், அவளுக்கும் அன்று பேர் விழுவதில்லை. ஒரு குழந்தையின் ஊனம் இருவரைச் செக்ரோலிலிருந்து அழித்துவிடுகிறது. இதனை விதியென்று சொல்லி ஆறுதலடைவோர் உண்டு. செக்ரோலை எழுதுவது விதியன்று, மனிதரே.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழகத்திலே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் நிகழ்ந்ததொன்றை இங்கே எண்ணிப்பார்ப்பது தகும். எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வொன்றின்போது பெங்களூரில் விபத்துக்குள்ளாகிக் கழுத்துக்குக் கீழ் உடல் செயலற்றுப்போனார். 1981இல், ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோர் ஆண்டெனப் பிரகடனஞ் செய்த அதே ஆண்டில், அவர் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரை அதற்குச் சூட்டினார். பின்னர், தசைச்சிதைவு நோயினால் சக்கர நாற்காலியிலிருந்த கணக்காய்வாளர் எஸ். சங்கரராமன் அவருடன் இணைந்தார். சிறிதாகத் தொடங்கிய அப்பணி பள்ளி, தொழிற்பயிற்சி, உபகரணத் தயாரிப்பு, கிராமம் தேடிச் செல்லும் சிகிச்சை என விரிந்தது. 2020இல் இந்திய அரசு ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

இவ்வரலாறு நமது கேள்விக்குப் பாதி விடையைத் தருகிறது. அங்கே கொடுப்பவர் மேலேயும் பெறுபவர் கீழேயும் நிற்கவில்லை. தம் துயரைத் தமக்கு மட்டும் உரியதென எண்ணாமல், தம்மையொத்தோர் அனைவரின் பிரச்சினையாகக் கண்ட போதே அம்மனிதரின் வாழ்வு பொருள்பெற்றது. பரிதாபத்தில் பிறக்கும் லட்சியம் பரிதாபத்துக்குரியவரை என்றும் வேண்டிநிற்கும். தோழமையில் பிறக்கும் லட்சியமோ அவரை நிமிர்ந்து நிற்கச் செய்யும்.

மறுபாதி விடை கடினமானது. இத்தகையோரை வீரர்களாகப் போற்றும்போது, ஊனமுற்றவன் சாதித்தால்தான் மதிப்புக்குரியவன் என்ற கருத்தையும் நாம் ஒப்புக்கொண்டுவிடலாகாது. தொழில்முயற்சி என்பது உற்பத்தியையும் விற்பனையையும் கணக்கிடுவது. மெழுகுதிரி வார்க்கவும் பை தைக்கவும் பழகிய பிள்ளைக்கு அது பெரும் விடுதலைதான். அத்துடன், எதையுமே செய்ய இயலாத பிள்ளையை அது வாசலில் நிறுத்திவிடுமாயின், அதுவும் இன்னொரு செக்ரோலே. இலாபத்தின் ஒரு பங்கு அப்பிள்ளையின் பராமரிப்புக்கும், அவன் தாயின் ஓய்வுக்கும் செல்லும்போதே ‘சமூக’ என்ற அடைமொழி உண்மையாகும்.

அரசின் கடமையை இம்முயற்சிகள் மறைத்துவிடவும் கூடாது. இலங்கையில் 1988இன் சுற்றறிக்கையொன்று அரச பணி வெற்றிடங்களில் 3 சதவீதத்தை ஊனமுற்றோருக்கு ஒதுக்கியது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்தம் உரிமைகளைப் பாதுகாக்க எழுந்தது. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் நாடு ஏற்று உறுதிப்படுத்தியது. 2012இன் குடிசன மதிப்பீடோ, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் ஏதேனுமொரு செயற்பாட்டுச் சிரமத்துடன் வாழ்வதைக் காட்டியது. ஏட்டிலுள்ள உரிமை லயத்து வாசலுக்குத் தானாக ஏறி வராது. தனிமனிதர் நடத்தும் நிலையமொன்று வழிகாட்டலாம். எல்லா லயங்களுக்கும் அவ்வழியைப் போட மக்களின் ஒன்றுபட்ட கோரிக்கையே வேண்டும்.

ஆகவே, பிறர் பணியில் வாழ்வின் பொருளைக் காண விழையும் நண்பருக்கு நாம் ஓர் உரைகல்லைத் தருவோம்: உமது முயற்சியால் நீர் நாளுக்கு நாள் இன்றியமையாதவர் ஆகிறீரா, அல்லது அம்மனிதர்களே அதன் நிர்வாகிகளாக வளர்கின்றனரா? இரண்டாவதே நிகழுமாயின், உமது நிறைவு எவருடைய குறையையும் தின்று வளர்ந்ததன்று.

ஆசிரியராகிய நம் கையிலும் ஓர் இடாப்பு உண்டு. நாள்தோறும் அதில் உள்ளோரின் பெயரை அழைக்கிறோம். அதில் ஒருபோதும் ஏறாத பிள்ளைகள் எந்த லயத்தில், எந்த அறையில் இருக்கின்றனர் என்று கண்டறிவதிலிருந்து நமது பணி தொடங்கட்டும்.